முதல் கிளாஸுக்கு முன்னால் ஒரு கேள்வி

ஒரு விடுகதை சொல்கிறேன். குடிப்பதற்கு முன்னால் ஞாபகத்தில் இருக்கும். குடித்த பின்னால் சட்டைப் பையிலேயே இருக்கும். விடிந்த பின்னால் வயிற்றைக் கலக்கும். அது என்ன?

விடை, ஆணுறை. ஒரகடம் கூட்டு ரோட்டில் லாரி டிரைவர்களிடம் இதைக் கேட்டுத்தான் பேச்சைத் தொடங்குவேன். நோட்டீஸ் கொடுத்தால் வடையை அதில் வைத்து எண்ணெய் பிழிவார்கள். விடுகதை போட்டால் நிற்பார்கள்.

டிரைவர் சொன்னால் டிரைவர் கேட்பான் என்பதுதான் எங்கள் வேலைக்கு அடிப்படை. கேட்டுவிட்டு அதன்படி நடப்பான் என்று மட்டும் யாரும் உறுதி சொல்லவில்லை. நான் பதினான்கு வருஷம் லாரி ஓட்டினேன். இடுப்பெலும்பு தேய்ந்து வண்டியை விட்டு இறங்கியபோது, 1991-இல், தாம்பரத்தில் இருந்த ஒரு தொண்டு நிறுவனம் என்னைக் கூப்பிட்டு ஒரு ஜோல்னாப் பையைக் கொடுத்தது. பையில் எய்ட்ஸ் பற்றிய துண்டுப் பிரசுரங்களும் ஆணுறைப் பெட்டிகளும் இருந்தன. 'உங்கள் ஆட்களிடம் போய் நட்பாகப் பேசுங்கள்' என்றார்கள். என்னைப் போலவே பஸ் ஸ்டாண்டிலும் சந்தையிலும் நின்று இதே விஷயத்தை வெட்கத்தை விட்டுப் பேசிய களப்பணியாளர்களான உங்களுக்கு, அந்த 'நட்பாக' என்ற சொல்லின் எடை தெரிந்திருக்கும்.

முதல் கூட்டம்

முதல் கூட்டத்துக்கு நான் தேர்ந்தெடுத்த நாள் ஆடிக் கிருத்திகை. தேதியை மட்டும் பார்த்தேன். அன்று என்ன விசேஷம் என்று பார்க்கவில்லை. வல்லக்கோட்டை முருகன் கோயிலுக்குப் போகிற கூட்டத்தால் சாலை நிரம்பியிருந்தது. லாரி ஸ்டாண்டில் இருந்த டிரைவர்கள் எல்லாரும் தலைக்குக் குளித்து, நெற்றி நிறைய விபூதி பூசி, விரதம் இருந்தார்கள். ஒருவர் வாயிலும் பீடிகூட இல்லை.

நான் பையைத் திறந்து ஒரு பெட்டியை எடுத்ததுதான் தாமதம், பெஞ்சில் இருந்த ஆறு பேரும் பாம்பைக் கண்டதுபோல எழுந்து நின்றார்கள். டீக்கடைக்காரர் முருகன் படத்தைத் துண்டால் மூடினார். உட்கார்ந்திருந்தவர்களில் மூத்தவர் என்னைக் கையெடுத்துக் கும்பிட்டுச் சொன்னார்:

"அண்ணாத்த, இன்னிக்கு முருகன் நாளு. நாளைக்கு வா, நாங்க கெட்டுப்போய்க் காட்டுறோம்."

மழைக்காலத்தில் தேவை கூடியது

ஐப்பசி மழை ஆரம்பித்ததும் ஆணுறைகள் பறந்தன. ஒரு வாரத்தில் நான்கு பெட்டி காலி. 'விழிப்புணர்வு பெருகி வருகிறது' என்று அலுவலகத்துக்கு எழுதினேன். அதை நேரில் பார்ப்பதற்காக எங்கள் மேற்பார்வையாளர் விமலா மேடம் குடையோடு வந்து இறங்கினார்.

ஸ்டாண்டில் பதினோரு லாரிகள் நின்றன. பதினொன்றிலும் முன்பக்க ஹார்னில் ஓர் உறை இழுத்து மாட்டப்பட்டிருந்தது. மழைத்தண்ணீர் இறங்கினால் ஹார்ன் தொண்டை கட்டிக்கொள்ளும். அதற்கு இப்படி ஒரு வைத்தியம். இதைக் கண்டுபிடித்தவன் தணிகாசலம் என்றார்கள். வல்லம் பக்கத்துக் கிராமத்தில் நிலம் வைத்திருந்த குடும்பத்துப் பையன். வயது இருபத்தெட்டு. ஜல்லி லாரி ஓட்டிக்கொண்டிருந்தான். தை மாதம் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. பெண் மல்லிகா, ஸ்ரீபெரும்புதூரில் ஒரு சுவிட்ச் கம்பெனியில் வேலை.

மேடம் அவனைக் கூப்பிட்டு, "நோட்டீஸைப் படிக்கவில்லையா?" என்று கேட்டார். எங்கள் நோட்டீஸை நீங்கள் பார்த்ததில்லை. யார் மனமும் புண்படக் கூடாது என்று ஐந்து பேர் கூடி எழுதியது. அதில் இருந்த ஒரே தெளிவான வாக்கியம், 'பாதுகாப்பாக இருக்க இதைப் பயன்படுத்துங்கள்.' தணிகாசலம் கையைக் கட்டிக்கொண்டு பணிவாகப் பதில் சொன்னான்:

"பாதுகாப்புன்னு போட்டிருந்துச்சு மேடம். எதுக்குன்னு போடலியே."

மூன்று மருந்து வைத்தியம்

தணிகாசலத்தை நான் டீக்கடையில் தனியாகப் பிடித்துப் பேசினேன். அவனிடம் ஒரு கணக்கு இருந்தது. ஒரே நாளில் இரண்டு டிரிப் அடிக்க முழிப்பு மாத்திரை. மாத்திரை போட்டால் கை நடுங்கும். நடுக்கம் அடங்கப் பிராந்தி. பிராந்தி போட்டால் உடம்பு அசந்துவிடும். அசந்த உடம்போடு பெண்ணிடம் போனால் மானம் போய்விடும்; அதற்கு லேகியம். லேகியம், படப்பை பஸ் நிறுத்தத்தில் வேனில் மைக் கட்டி விற்கிறவரிடம் வாங்கியது. அதில் என்ன இருக்கிறது என்று விற்றவருக்கும் தெரியாது.

இதயம் ஒன்றுதான், அதை ஒரே நேரத்தில் ஓடு என்றும் நில் என்றும் சொன்னால் அது என்ன செய்யும் என்று கேட்டேன். சிரித்தான். "சரி, அந்த நேரத்தில் உறை போட்டாயா?" என்று கேட்டேன். சிரிப்பு நின்றது. "தெர்லணா. ரெண்டு வச்சிருந்தேன். இப்ப ஒண்ணு கீது. இன்னொண்ணு ஹார்ன்ல போட்டனா, இன்னா ஆச்சுன்னே ஞாபகம் இல்ல." தை மாதம் வருவதற்கு இரண்டு மாதம்தான் இருந்தது. இவனுக்கு நோய் இருந்தால் அது தாலியோடு சேர்ந்து மல்லிகாவுக்கும் போகும்.

பக்கத்து பெஞ்சில் சரோஜா உட்கார்ந்து பன்னை டீயில் நனைத்துக்கொண்டிருந்தார். படப்பை ரோட்டில் அவருக்கு ஓர் ஓட்டு வீடு. அவர் தொழில் என்னவென்று ஸ்டாண்டில் எல்லாருக்கும் தெரியும். பகலில் தெரிந்ததாகக் காட்டிக்கொள்ள மாட்டார்கள். தணிகாசலம் அவர் வீட்டுக்கும் போகிறவன்தான். நாங்கள் பேசியதை முழுக்கக் கேட்டுவிட்டு, பன்னை விழுங்கிவிட்டு, அவர் தணிகாசலத்தைப் பார்த்துக் கேட்டார்:

"ஒரு மருந்து ஆக்ஸிலேட்டரு, ஒரு மருந்து பிரேக்கு, ஒரு மருந்து ஹார்னு. எல்லாம் சரிடா. ஸ்டியரிங்கை எவன் புட்சிகினு இருந்தான்?"

சரோஜாவின் சட்டம்

அன்று மாலையே சரோஜாவை எங்களோடு சேர்த்துக்கொள்ளச் சொல்லி விமலா மேடத்துக்கு எழுதினேன். மேடம் ஒப்புக்கொண்டார். நான் சரோஜாவுக்குப் பாடம் எடுக்க உட்கார்ந்தேன். 'குடித்தாலும் மறக்காதீர்கள்' என்ற எங்கள் முழக்கத்தைப் படித்துக் காட்டினேன். குடித்தவனிடம் மறக்காதே என்பது, தூங்குகிறவனிடம் நேராகத் தூங்கு என்று சொல்வதுபோல என்றார். முழக்கம் அன்றோடு முடிந்தது.

அவர் போட்ட சட்டம் வேறு. லாரிக்காரர்களிடம் ஏற்கெனவே ஒரு வழக்கம் உண்டு. குடிக்க உட்காருகிறவன், அன்று குடிக்காத நண்பனிடம் வண்டிச் சாவியைக் கொடுத்துவிடுவான். தெளிகிற வரைக்கும் சாவி திரும்பாது. சரோஜா அதோடு ஒன்றைச் சேர்த்தார். சாவியை வாங்குகிறவன், முதல் கிளாஸ் ஊற்றுவதற்கு முன்னால், 'இன்னிக்கு எங்க போற? இன்னா இன்னா துன்னிருக்க?' என்று கேட்க வேண்டும். உறையையும் அவனே வைத்திருந்து, கிளம்பும்போது கையில் கொடுக்க வேண்டும். மாத்திரையோ லேகியமோ பிராந்தியோடு கலந்திருந்தால், எங்கேயும் போகக் கூடாது. படுத்துத் தூங்க வேண்டும். சரோஜா வீட்டுக்குப் பக்கத்தில் அதே தொழில் செய்த இரண்டு பெண்களும், கலந்து போட்டு வருகிறவர்களிடம் இதையே சொல்லிக் கதவை மூடினார்கள்.

சட்டம் வேலை செய்தது. கொஞ்சம் அதிகமாகவே செய்தது. திருப்பி அனுப்பப்பட்டவர்களுக்கு லாரி வரைக்கும் நடக்கத் தெம்பில்லை. சரோஜா வீட்டு வாசல் பந்தலில் வரிசையாகப் படுத்தார்கள். எழுந்ததும், எதற்கு வந்தோம் என்பதை மறந்து, மோர் வாங்கிக் குடித்துவிட்டுப் போனார்கள். ஒரு நாள் மத்தியானம் நான் போனபோது பந்தலில் ஏழு பேர். சரோஜா இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றார்.

"இன்னா டிரைவரே, சிரிக்கிற? என் பொழப்பு தூங்குது. ஆஸ்பத்திரின்னு போர்டு எழுதிக் குடு, மாட்டிக்கிறேன்."

பஜ்ஜி

கார்த்திகை பிறந்தபோது தணிகாசலம் அந்தச் சட்டத்தில் ஓர் ஓட்டை கண்டுபிடித்தான். அன்று அவனோடு குடிக்காத நண்பன் யாரும் இல்லை. அதனால் சாவியைத் தனக்குத்தானே கொடுத்துக்கொண்டான்: இடது பையிலிருந்து எடுத்து வலது பையில் போட்டான். கேள்வியையும் அவனே கேட்டு, பதிலையும் அவனே சொல்லி, திருப்தி அடைந்தான். பிறகு மூன்று மருந்தையும் சேர்த்துப் போட்டுக்கொண்டு சரோஜா வீட்டை நோக்கி நடந்தான்.

பந்தல் கால் வரைக்கும்தான் வர முடிந்தது. நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான். உடம்பெல்லாம் வேர்வை, கண் செருகிவிட்டது. சரோஜா அவன் மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்துவிட்டு, ரோட்டின் நடுவில் போய் நின்று கையை விரித்தார். செங்கல் லாரி ஒன்று கிரீச்சிட்டு நின்றது. அவனை அதில் ஏற்றி, வழியில் ஸ்டாண்டில் நின்ற என்னையும் ஏற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனார். வழி முழுக்க அவன் தலையை மடியில் வைத்துக்கொண்டு, "தூங்காத, கண்ணைத் தொற, தொறடா. இன்னா இன்னா துன்ன, எப்ப துன்ன, சொல்லு" என்று கன்னத்தில் தட்டிக்கொண்டே வந்தார். எனக்கு அவர் குரலைக் கேட்கப் பயமாக இருந்தது.

"என்ன சாப்பிட்டாய்?" என்று டாக்டர் கேட்டார். அந்த நிலையிலும் தணிகாசலத்துக்கு வெட்கம். "பஜ்ஜி சார்" என்றான். சரோஜா முன்னால் வந்தார். எந்த மாத்திரை, எத்தனை, எவ்வளவு பிராந்தி, லேகியம் எத்தனை உருண்டை, எத்தனை மணிக்கு என்று ஒப்பித்தார். காலி மாத்திரை அட்டையையும் அவன் பையிலிருந்து எடுத்து வந்திருந்தார். அதனால்தான் என்ன மருந்து கொடுப்பது என்று தெரிந்தது என்றார் டாக்டர். இரண்டாம் நாள் வீட்டுக்கு அனுப்பும்போது, மெட்ராஸில் எய்ட்ஸுக்கான ரத்தப் பரிசோதனை செய்துகொள்ளச் சொல்லித் தணிகாசலத்திடம் ஒரு சீட்டு எழுதிக் கொடுத்தார். கொடுத்துவிட்டுச் சொன்னார்:

"இனிமேல் பஜ்ஜி சாப்பிடுறதா இருந்தா, இந்த அம்மாவைக் கேட்டுட்டுச் சாப்பிடு."

பாதி கேட்ட காது

மெட்ராஸுக்கு அவனை அழைத்துப்போக மூன்று முறை கிளம்பினோம். முதல் முறை ராகு காலம் என்றான். இரண்டாம் முறை பஸ்ஸில் வாசலோரம் உட்கார்ந்தவன் படப்பையில் இறங்கித் திரும்பி நடந்துவிட்டான். மூன்றாம் முறை சரோஜா அவனை உள்பக்கம் தள்ளி, தான் வெளிப்பக்கம் உட்கார்ந்தார். தாம்பரம் வந்த பிறகுதான் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். அப்போதுதான் கவனித்தேன், அவர் கையிலும் ஒரு சீட்டு இருந்தது. ஆஸ்பத்திரியில் முதலில் அவர்தான் கையை நீட்டினார். "பாத்துக்கடா, எறும்பு கடிதான்" என்றார். ஊசி ஏறியபோது என் தோளை இறுக்கிப் பிடித்தார். இரண்டு நாள் வலித்தது.

ஒரு வாரம் கழித்து முடிவு வந்தது. இரண்டு பேருக்கும் எதுவும் இல்லை. ஆனால் மெட்ராஸ் டாக்டர் அங்கேயே நிறுத்தவில்லை. கடைசியாக எப்போது போனாய் என்று தணிகாசலத்தைக் கேட்டார். ஐப்பசிக் கடைசி என்றான். கிருமி புகுந்தாலும் உடனே பரிசோதனையில் தெரியாது, மூன்று மாதம் கழித்து இன்னொரு முறை பார்த்தால்தான் நிச்சயம், அதுவரை யாரோடும் சேரக் கூடாது என்றார். சரோஜாவுக்கும் அதையே சொன்னார்.

தணிகாசலம் காதில் முதல் வாக்கியம்தான் விழுந்தது. ஸ்டாண்டுக்கு வந்ததும் எல்லாருக்கும் ஆரஞ்சு மிட்டாய் கொடுத்தான். கல்யாணத்துக்கு எல்லாரும் குடும்பத்தோடு வர வேண்டும் என்றான். மூன்று மாதம் என்றால் மாசி வந்துவிடும், முகூர்த்தம் தையில் என்று நான் மெதுவாகச் சொன்னேன். "அதான் இல்லன்னுட்டாரே" என்றான். சரோஜா தன் மிட்டாயைப் பிரிக்காமல் அவன் சட்டைப் பையில் திரும்பப் போட்டார்.

"நீ பாதி கேட்டுகினு மிட்டாய் குடுக்குற. மீதி பாதிக்கு அந்தப் பொண்ணுதான்டா உசுரைக் குடுக்கணும்."

தள்ளிப்போடக் காரணங்கள்

அன்று இரவு முழுக்கத் தூங்கவில்லை என்று மறுநாள் காலையில் தணிகாசலமே வந்தான். கல்யாணத்தைத் தள்ளிப்போடுகிறேன், ஆனால் காரணத்தை வேறாகச் சொல்கிறேன் என்றான். டீக்கடையில் இருந்தவர்கள் ஆளுக்கு ஒரு காரணம் தந்தார்கள். தாத்தா செத்துவிட்டார் என்று சொல்லலாம். ஆனால் அவர் ஏழு வருஷத்துக்கு முன்பே செத்துவிட்டார், பெண்வீட்டார் இந்த வருஷத் திவசத்துக்கு வந்து சாப்பிட்டும் இருக்கிறார்கள். ஜாதகத்தில் தோஷம் என்று சொல்லலாம். ஆனால் பொருத்தம் பார்த்தவரே பெண்ணின் சித்தப்பா.

கடைசியில் தணிகாசலத்துக்கே ஒன்று தோன்றியது. வல்லக்கோட்டை முருகன் கனவில் வந்து, தை வேண்டாம் என்று சொன்னதாகச் சொல்லிவிடுவது. எல்லாருக்கும் பிடித்திருந்தது. எனக்கும் ஒரு நிமிஷம் பிடித்திருந்தது என்பதை ஒப்புக்கொள்கிறேன். சரோஜா டீ கிளாஸைக் கீழே வைத்தார்.

"போறதெல்லாம் நீ போவ, பழி முருகனுக்கா? அவர் பாவம், ரெண்டு பேரைக் கட்டிக்கினு அவர் தொல்லையே அவருக்கு."

கம்பெனி வாசல்

மத்தியான ஷிப்ட் விடும் நேரத்தில் தணிகாசலமும் நானும் சுவிட்ச் கம்பெனி பஸ் நிறுத்தத்தில் நின்றோம். சரோஜா வரவில்லை, தான் வந்தால் பேச்சு தன்னைப் பற்றியே போய்விடும் என்றார். மல்லிகா டிபன் கூடையோடு வந்தாள். ஒல்லியான பெண். வரப்போகிற மாப்பிள்ளையை வாசலில் பார்த்ததும் கூட வந்த தோழிகள் சிரித்துக்கொண்டே விலகினார்கள்.

தணிகாசலம் லாரியிலிருந்து தொடங்கினான். வண்டி ரோட்டுக்கு வருவதற்கு முன்னால் எஃப்.சி. என்ற தகுதிச் சான்று எடுக்க வேண்டும் என்றான். பிரேக் பார்ப்பார்கள், விளக்கு பார்ப்பார்கள் என்றான். சில வண்டி பார்ப்பதற்கு நன்றாக இருக்கும், ஆனால் உள்ளே என்றான். ஐந்து நிமிஷம் போயிற்று. "வண்டி கதை இருக்கட்டுங்க. உங்களுக்கு இன்னா?" என்று மல்லிகா கேட்டாள். அவன் என்னைப் பார்த்தான். நான் வாயைத் திறக்கவில்லை. இந்த வேலையில் நான் செய்தவற்றிலேயே அதுதான் கஷ்டமானது. பிறகு அவன் தலையைக் குனிந்துகொண்டு எல்லாவற்றையும் சொன்னான். மாத்திரை, பிராந்தி, லேகியம், போன இடம், ஞாபகம் இல்லாதது, ஊசி, மூன்று மாதம். ஒன்றையும் விடவில்லை.

மல்லிகாவின் முகம் கறுத்துவிட்டது. கூடையை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினாள். அவள் போகிற பஸ் வந்தது; கைகாட்டி நிறுத்தச் சொல்லிவிட்டு, அது நிற்பதற்குள் திரும்பினாள். கம்பெனியில் அவள் வேலை, செய்து முடித்த சுவிட்சுகளைச் சரிபார்த்து அனுப்புவது. 'நீங்க' என்று பேசிக்கொண்டிருந்தவள் 'நீ'க்கு வந்திருந்தாள்.

"எங்க லைன்ல டவுட்டா இருக்கிற பெட்டியைத் தூக்கிப் போட மாட்டோம், வெளியவும் அனுப்ப மாட்டோம். மஞ்சா சீட்டு ஒட்டி ஓரமா வெப்போம். நீ போய் மூணு மாசம் ஓரமா நில்லு. எங்கப்பாகிட்ட நான் பேசிக்கிறேன். அப்புறம் உன்னை அனுப்புறதா, திருப்புறதான்னு நான் சொல்றேன்."

மாசியில் மெட்ராஸுக்கு அவளும் வந்தாள். இரண்டாம் பரிசோதனையிலும் தணிகாசலத்துக்கும் சரோஜாவுக்கும் எதுவும் இல்லை. மல்லிகா ஒரு வாரம் யோசித்தாள். வைகாசியில் கல்யாணம் என்று சொன்னாள்.

மூன்று மாதம் பொறுக்கச் சொல்ல எங்கள் நிறுவனத்துக்கு ஐந்து பேர் எழுதிய ஒரு நோட்டீஸும் நான்கு கூட்டங்களும் என் இடுப்பும் தேவைப்பட்டன. மல்லிகாவுக்கு ஒரு பஸ் பிரேக் போட்டு நிற்கும் நேரம் போதுமாக இருந்தது.